படகுகள் கட்டிக் கிடக்கும் 61 நாள்: கடலோரக் காதல் கதை எழுதுகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி: "கோடை விடுமுறையில் ஒரு துறைமுக ஊரில் நடக்கும் காதலைக் குறுநாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். விசைப்படகு முதலாளியின் மகள், அந்தப் படகில் வேலை பார்க்கும் கூலியின் மகன். இருவருக்கும் 17 வயது. நாகப்பட்டினம் பக்கத்து ஊர். வரைவைப் படித்தவர்கள் சினிமா மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எதைத் தெரிந்துகொண்டு திருத்த வேண்டும்?"

சினிமா மாதிரி என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் காதலில் இருக்காது, கோடையில் இருக்கும். உங்கள் கதையில் கோடை என்பது பள்ளி விடுமுறையும் வெயிலும் மட்டும்தான் என்றால், அந்த ஊர் எந்த ஊராகவும் இருக்கலாம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் கோடை என்றால் மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. இது மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் போட்ட தடை. ஆனால் நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையோரத்தில் வழக்கம்போலத் தொழிலுக்குப் போகும். இந்த ஒரு விதி உங்கள் கதையின் வர்க்கக் கணக்கையே புரட்டிப் போடுகிறது. வருடம் முழுக்க மேலே இருப்பவனின் படகு கயிற்றில் கட்டிக் கிடக்கிறது, வட்டி மட்டும் ஓடுகிறது. கீழே இருப்பவன் பிடித்து வருகிற பத்துக் கிலோ மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை. வஞ்சிரம் போன்ற மீனின் விலை ஏறுவதைச் சந்தைக்குப் போகிற எவரும் அறிவார்கள். முதலாளி மகளும் கூலி மகனும் நேருக்கு நேர் நின்று பேச முடிகிற காலம் வருடத்தில் இது ஒன்றுதான். காதல் ஏன் மார்கழியில் வராமல் இப்போது வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

முதலில் வருடத்தை முடிவு செய்யுங்கள். தடை 2001இல் வந்தது. 2016 வரை 45 நாள்தான், மே 29உடன் முடிந்துவிடும். 61 நாள் ஆனது 2017இல். கொரோனா ஆண்டான 2020இல் மட்டும் மே 31 வரை எனச் சுருக்கினார்கள். கதை 1995இல் நடந்தால் தடையே கிடையாது, அப்போது உங்கள் கோடைக்கு வேறு முதுகெலும்பு தேட வேண்டும். படகும் வருடத்தைப் பொறுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. இன்று நாகைப் பக்கம் ஏழை மீனவர் என்றதும் கட்டுமரத்தில் ஏற்றி அனுப்பினால் அது பழைய புகைப்படத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கும். 28 அடி ஃபைபர் படகு, பின்னால் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் 17 வயது என்றால் 2008இல் பிறந்தவர்கள். அவர்களுக்குச் சுனாமி என்பது சுவரில் மாலை போட்ட ஒரு படமும், கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக் கொடுத்த வீட்டின் முகவரியும்தான். அதை அவர்கள் நினைவுகூர்ந்து அழுவதாக எழுதாதீர்கள்.

2025ஐயே எடுத்துக்கொண்டால் நாள்காட்டி பாதிக் கதையை எழுதித் தந்துவிடுகிறது. ஏப்ரல் 15 தடை தொடக்கம், முழுநிலவு கழிந்து இரண்டு மூன்று நாள். ஏப்ரல் 27 அமாவாசை. மே 4 கத்திரி தொடக்கம். மே 8 பிளஸ் டூ முடிவு. மே 12 சித்ரா பௌர்ணமி. மே 26 அமாவாசை. ஜூன் 1 மேற்குக் கரையில் (கேரளம் நீங்கலாக) தடை தொடக்கம். ஜூன் 2 பள்ளி திறப்பு. ஜூன் 11 பௌர்ணமி. ஜூன் 14 நள்ளிரவு தடை முடிவு. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் சந்திக்கிறார்கள் என்று எழுதும் முன் அன்று நிலா எங்கே இருந்தது என்று பாருங்கள். கடலோரத்தில் நிலாவைத் தவறாக எழுதினால் மீனவ வாசகர் அடுத்த பக்கம் திருப்ப மாட்டார்.

அந்தப் பட்டியலில் ஜூன் 1 எதற்கு என்று தோன்றும். உங்கள் கதைக்கு அதுதான் அச்சாணி. கிழக்கே தடை தொடங்கியதும் விசைப்படகுக் கூலிகளில் பலர் கர்நாடகம் பக்கம் போய் அங்கத்திய படகுகளில் ஏறுவார்கள். மேற்கே தடை தொடங்கும்போது திரும்பி வருவார்கள். ஆக, பையனின் அப்பா ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பஸ் ஏறினால் ஜூன் முதல் நாளில்தான் வீட்டில் இருப்பார். ஏறக்குறைய ஆறு வாரம் பையன்தான் வீட்டில் ஆம்பளை. அவன் யாரோடு பேசுகிறான், எங்கே போகிறான் என்று கேட்க ஆளில்லை. ஜூன் 1க்குப் பிறகு 14 நாள் எல்லாரும் ஊரில் இருக்கிறார்கள், படகுகள் மட்டும் இன்னும் போகவில்லை. முதலாளி, கூலி, மகள், மகன், தாய்மார்கள் எல்லாரையும் ஒரே சின்ன ஊரில் சும்மா உட்கார வைத்த 14 நாள். நெருக்கடியை எங்கே வைப்பது என்று வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பணம். வர்க்கம் என்று எழுதிவிட்டு ஒருத்திக்குக் கார், ஒருவனுக்குக் கிழிந்த சட்டை என்று காட்டுவது சோம்பல். இவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது முன்பணம். விசைப்படகில் ஏறும் ஆட்களுக்கு முதலாளி ஒரு தொகை முன்கூட்டியே கொடுத்திருப்பார். கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளையின் படிப்பு என்று அது ஏறிக்கொண்டே போகும். வேறு படகுக்கு மாற வேண்டுமென்றால் அதைக் கட்டிவிட்டுத்தான் மாறலாம். கூலி என்று மாதச் சம்பளமும் கிடையாது. ஒரு தங்கலுக்கு, அதாவது கடலில் தங்கி மீன் பிடிக்கும் ஒரு பயணத்துக்கு, ஆன டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில் பெரும்பங்கு முதலாளிக்கு, மீதி டிரைவருக்கும் ஆட்களுக்கும். மீன்பாடு இல்லாத தங்கலில் செலவே மீளாது, ஆளுக்குக் கையில் பேட்டாவோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஃபைபர் படகில் கணக்கு வேறு: படகு, எஞ்சின், வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஆள் ஒரு பங்கு. தடைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். பையனின் அம்மா அன்னக்கூடையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர் என்றால், தடைக்காலத்தில் அவருக்கும் சரக்கு ஃபைபர் படகிலிருந்துதான், அதிக விலைக்கு. விலை ஏறினால் மீனவர் வீடெல்லாம் செழிக்கும் என்று எழுதிவிடாதீர்கள். பிடிக்கிறவருக்கு லாபம், வாங்கி விற்கிறவருக்கு முதல் முடக்கம்.

முதலாளி வீட்டையும் சரியாக அளந்து கட்டுங்கள். இந்தக் கரையில் படகு முதலாளி என்பவர் ஜமீன்தார் அல்ல. விசைப்படகுகள் பரவியது 1960களிலிருந்துதான், இறால் ஏற்றுமதி சூடுபிடித்தபோது. பெண்ணின் தாத்தா பெரும்பாலும் பையனின் தாத்தாவோடு ஒரே கட்டுமரத்தில் போனவராக இருப்பார். ஒருவருக்கு அரசுக் கடனில் படகு கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்து மூழ்கியது. இரண்டே தலைமுறை வயதுள்ள மேடு பள்ளம் இது. அதனால்தான் முதலாளி அவ்வளவு கெட்டியாக அதைக் காப்பாற்றுகிறார். தடைக்காலத்தில் அவர் சும்மா இல்லை. படகைக் கரையேற்ற வேண்டும், பலகை மாற்ற வேண்டும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். மீன்துறை அதிகாரிகள் வந்து படகை ஆய்வு செய்வார்கள், பதிவுப் புத்தகமும் உரிமமும் எடுத்து வைக்க வேண்டும். வரவு சுழி, செலவு லட்சத்தில். நகையை வங்கிக்குக் கொண்டுபோவது அவர் வீட்டில்தான் அதிகம் நடக்கும். இதைப் பெண் பார்க்கிறாள் என்று வையுங்கள், அவள் வில்லன் வீட்டு இளவரசியாக இல்லாமல் ஆளாக மாறுவாள்.

அடுத்தது நீங்கள் வரைவில் தொட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்: முறை. இந்தக் கரையில் பல ஊர்கள் ஒரே சாதிக்காரர் ஊர். முதலாளியும் கூலியும் ஒரே சாதி என்றால், அவர்கள் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருப்பார்கள். பையன் அவள் அப்பாவை எப்படிக் கூப்பிடுகிறான்? மாமா என்றால் அவள் முறைப்பெண். ரத்தக் கணக்கில் தடை எதுவும் இல்லை, பணக் கணக்கில் மட்டுமே தடை. அப்போதுதான் வர்க்கம் நிர்வாணமாக நிற்கும். சித்தப்பா என்றால் பங்காளி, அவள் தங்கை முறை. அந்தக் காதலை ஊரும் ஏற்காது, அவர்களுமே ஏற்க மாட்டார்கள். சாதி தாண்டிய காதலாக எழுதினால் அது வேறு கதை, வேறு ஆபத்து. வர்க்கத்தைச் சொல்ல வந்த இடத்தில் சாதி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இந்தக் கதைக்கு மாமா முறையே சரி என்பது என் தீர்ப்பு. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. படகில் ஏறிய நாளிலிருந்து பையனின் அப்பா தன் மைத்துனனை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார். கல்யாண வீட்டில் மட்டும் மச்சான். பையன் எதைச் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் தவிர்க்கிறான்.

பேச்சில்தான் உங்கள் காதல் நடக்க வேண்டும், இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழில் வர்க்கக் கோடு வினைமுற்றிலேயே இருக்கிறது. அவள் அவனை முதல் நாளிலிருந்து பெயர் சொல்லி, நீ, வா, போ என்பாள். கூலி மகன், சின்ன வயதிலிருந்து தெரிந்தவன், அவளுக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. அவன் அவளை நீங்க என்று சொல்ல வெட்கப்படுவான், நீ என்று சொல்லப் பயப்படுவான். அப்படிப்பட்டவன் மொட்டையாகப் பேசுவான். "நோட்ட எடுத்துக்கங்க" என்று சொல்லாமல் "நோட்டு அங்க இருக்கு" என்பான். "எப்ப வருவீங்க" என்று கேட்காமல் "சாயங்காலம் கடை தொறந்திருக்குமா" என்பான். முப்பது பக்கம் வரை அவன் அவளிடம் ஓர் ஏவல் வினைகூடச் சொல்லாமல் எழுத முடியும், முயன்று பாருங்கள். பிறகு ஒரு நாள் கரையேற்றிய படகில் சாத்திய ஏணியில் அவள் ஏறும்போது அது ஆடுகிறது, அவன் வாயிலிருந்து "இரு!" என்று விழுகிறது. இருங்க இல்லை, இரு. இருவருக்கும் கேட்டுவிட்டது. இதற்கு மேல் உங்களுக்கு முத்தம் தேவையில்லை. அவள் பக்கம் மாற்றம் எதிர்த்திசையில் நடக்கட்டும்: ஆட்கள் முன்னால் அவன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிடுகிறாள். அவள் அம்மா முதலில் கவனிப்பது அதைத்தான்.

வட்டார வழக்கை உப்பு மாதிரி போடுங்கள். தொழில், மீன்பாடு, மடி (இழுவலை), தங்கல், ஏலம், நாட்டார் (ஊர்ப் பஞ்சாயத்தார்) என்று பத்துப் பன்னிரண்டு சொல் போதும். நாகைக்காரன் வாயில் ஏலே, மக்கா என்று வைத்தால் அவன் தூத்துக்குடிக்கும் குமரிக்கும் போய்விடுவான். படகு முதலாளியைக் குறிக்கும் சம்மாட்டி என்ற சொல்லும் அப்படித்தான், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் பொருந்தும்.

எங்கே, எப்போது சந்திக்கிறார்கள்? ஃபைபர் படகு அதிகாலை மூன்று நான்கு மணிக்குப் போய் எட்டு ஒன்பதுக்குள் கரை சேரும். பிறகு ஏலம், வலையிலிருந்து மீன் கழிப்பது, வலை அலசுவது. வேறொரு மாமனின் ஃபைபர் படகில் போய்வரும் பையன் மதியம் செத்த பிணம் போலத் தூங்குவான். மதியம் இரண்டு மணிக்குத் தென்னை நிழலில் காதலிக்க அவனுக்குத் தெம்பு இருக்காது. அவன் முகம் கழுவி வெளியே வருவது நான்கு மணிக்கு மேல். நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம், என்று தொல்காப்பியம் பொழுது குறித்தது காரணமில்லாமல் இல்லை. அந்த நேரத்து ஒளியைச் சரியாக எழுதுங்கள். இது கிழக்குக் கரை, சூரியன் கடலில் விழாது. ஊருக்குப் பின்னால், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கும். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகில் வெயில், நிழல் நீண்டு தண்ணீரைத் தொடும். ஒருவரை ஒருவர் பார்க்கத் திரும்பினால் ஒருவர் கண் கூசும். கடலில் மறையும் சூரியன் வேண்டுமென்றால் கதையைக் குளச்சல் பக்கம் தூக்கிப் போங்கள், ஆனால் அங்கே தடைக்காலமே ஜூன், ஜூலை மாதங்களில். நாகையில் கடலிலிருந்து எழுவது விடியலும் பௌர்ணமி நிலாவும். மே 12 சித்ரா பௌர்ணமி அன்று ஊர் முழுக்கக் கடற்கரைக்கு வரும், சாயங்காலம் பின்னால் சூரியன் இறங்கும் நேரத்தில் முன்னால் நிலா ஏறும். கூட்டத்தின் நடுவில் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

காற்றையும் மறக்க வேண்டாம். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும், உடம்பு ஆறும். மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓங்கிய நாட்களில் அது வெகு நேரம் தள்ளிப் போகும், வராமலேயும் போகும். அன்று ஊரே சிடுசிடுவென்று இருக்கும். வீட்டில் சண்டை வெடிக்கும் காட்சியை அப்படிப்பட்ட நாளில் வையுங்கள்.

ஊரின் அமைப்பிலேயே வர்க்கத்தைப் பதிக்க ஒரு வழி இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அலை மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டினால், சுவருக்குத் தெற்கே மணல் தேங்கிக் கடற்கரை அகலும், வடக்கே கரை அரிக்கும். சென்னையில் மெரினா அவ்வளவு அகலமாக ஆனதும், துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கடல் வீடுகளைத் தின்றதும் இதே கணக்கில்தான். உங்கள் கற்பனை ஊரில் முதலாளி வீடு சுவருக்குத் தெற்கே, பையனின் குடியிருப்பு வடக்கே. ஒரு பக்கம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட இடம் வளர்ந்துகொண்டே போகிறது, மறுபக்கம் போன வருடம் இருந்த மாதா கோயில் திண்ணையோ மாரியம்மன் கோயில் படியோ இந்த வருடம் இல்லை. யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, கல் சுவரே சொல்லிவிடும். ஊர்ப் பெயரை மட்டும் கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். மீனவக் குடியிருப்புகள் சின்னவை, உண்மைப் பெயர் போட்டால் எந்த முதலாளி, எந்த வீட்டுப் பெண் என்று விரல் விட்டு எண்ணிவிடுவார்கள்.

இப்போது வரைவுகளில் அடிக்கடி வரும் பிழைகள். மே மாதத்தில் முதலாளியின் விசைப்படகு பையன் வீட்டு வலையைக் கிழித்துவிட்டுப் போகிறது என்று எழுதுகிறார்கள். மே மாதத்தில் அந்தப் படகு கரையில் நிற்கிறது. கிழிக்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் கிழிக்கட்டும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்பது 1983 சட்டம், 1970களின் கடைசியில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்தது. அதை மீறிக் கரையோரம் மடி இழுத்து அந்த ஃபைபர் படகு மாமனின் வலை போனது, ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டார் உட்கார்ந்து நஷ்டஈடு சொன்னார்கள், பாதிதான் வந்தது என்று பழைய கணக்காக இருக்கட்டும். தீராத பாக்கி புது சண்டையைவிட நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, அவள் அலையில் சிக்க, அவன் குதித்துக் காப்பாற்றும் காட்சி. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். துறைமுகத்தில் வளர்ந்த பெண் எந்த இடத்தில் இறங்கக்கூடாது என்று அறிவாள். உண்மை இதைவிடச் சுவையானது: இந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறி வழக்கமாகக் கடலுக்குப் போவதில்லை. அப்பாவுக்கு இரண்டு விசைப்படகு இருந்தும் கரையைக் கடலிலிருந்து ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை. அவளிடம் இல்லாத ஒன்று அவனிடம் இருக்கிறது. தன் ஊர் அங்கிருந்து எப்படித் தெரியும், எந்தக் கோபுரத்தையும் எந்தச் செல்போன் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துத் திசை பார்ப்பார்கள் என்று அவன் மணலில் கோடு போட்டுக் காட்டட்டும். (மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஏழை அவளாகவும் பணக்காரன் அவனாகவும் மாற்ற விரும்பினால் கதையை அங்கே நகர்த்தலாம். அது முழுக்க வேறு நாவல்.)

வாசனையிலும் கவனம் தேவை. கடல் வாசம் என்று ஒன்று கிடையாது. ஈர வலைக்கு ஒன்று, கருவாட்டுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, புதுப் பெயிண்டுக்கு ஒன்று. முதலாளி வீடு கருவாட்டு வாசம் தட்டாதபடி தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். மீன் நாற்றத்தை அவமானமாக எழுதுவதுதான் எல்லாரும் செய்வது. இரண்டாயிரம் வருடம் முந்தைய நற்றிணையின் 45ஆம் பாட்டு அதைத் தலைகீழாகச் செய்துவிட்டது. தேரில் வருகிற செல்வர் மகனிடம் தோழி சொல்கிறாள்: இவள் கடல் கலங்க மீன் பிடிக்கும் பரதவர் மகள், நீ கொடி பறக்கும் கடைத்தெரு உள்ள பழைய ஊர்ப் பணக்காரன் பிள்ளை. நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில். எங்களிலும் உயர்ந்தவர்கள் உண்டு. வர்க்கம் தாண்டிய கடலோரக் காதலுக்கு நம்மிடம் இருக்கும் மூத்த முன்மாதிரி இது. அதில் பேசுவது காதலர்கள் அல்ல, தோழி என்பதைக் கவனியுங்கள். உங்கள் கதையிலும் வர்க்கக் கோட்டை வாய்விட்டுச் சொல்கிறவர் மூன்றாம் ஆளாக இருக்கட்டும், பையனின் அக்காவாகவோ மீன் விற்கும் அம்மாவாகவோ. "அவங்க வீட்டு வாசல்ல என் கூடைய எறக்கி வெச்சா கழுவி விடுவாங்கடா" என்று ஒரே வரி.

நெய்தல் பாட்டுகளில் கதையை ஓட்டுவது அலர், ஊர் வாய். இன்றைய அலருக்கும் இடங்கள் உண்டு: ஏலக் கூடம், தண்ணீர்க் குழாயடி, வலை பின்னும் கொட்டகை, பிறகு வாட்ஸ்அப் குழு. தடைக்காலத்தில் ஆண்கள் பகல் முழுக்கக் கொட்டகையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேறு மாதங்களில் இருக்காத நூறு கண்கள். காதலுக்கு நேரம் கொடுக்கும் அதே தடைதான் கண்காணிக்கவும் ஆள் கொடுக்கிறது.

உடன்போக்குக்கு வருவோம். 17 வயதில் ஓடிப்போவதாக எழுதினால் அடுத்த காட்சி ரயிலில் அல்ல, காவல் நிலையத்தில். பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21. 2012 போக்சோ சட்டத்தில் 18க்குக் கீழே சம்மதம் என்பதற்கு மதிப்பு கிடையாது. அவனும் 17 என்றாலும் வழக்கு அவன்மேல்தான் திரும்பும், இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். புகார் கொடுக்கும் வசதியும் வக்கீல் வைக்கும் வசதியும் யார் வீட்டில் இருக்கிறது என்று யோசியுங்கள். சட்டம் பிள்ளைகளைக் காக்க வந்தது, ஆனால் கதையில் அதை முதலாளி கையில் எடுக்கும்போது இன்னொரு முன்பணம் ஆகிவிடும். அவர் புகார் கொடுக்க வேண்டியதே இல்லை, கொடுப்பேன் என்று நாட்டார் முன் சொன்னால் போதும். அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் கிடையாது, அவளைப் பற்றிய பேச்சு அவள் இல்லாமல் நடக்கும். உடல் நெருக்கத்தை எழுதவே வேண்டாம். இந்த வயதுக் கதைக்கு அது தகாது, இந்தக் கதைக்குத் தேவையும் இல்லை. ஏணியில் விழுந்த ஒரு சொல்லே தாங்கும்.

கதையின் முடிச்சாக நான் வைப்பது கணக்கு நோட்டு. முதலாளிக்கு எழுத்து ஓடாது, மகள்தான் விடுமுறையில் கணக்கு எழுதுகிறாள். பெயிண்ட் அடிக்க வந்த ஆட்களின் கூலியில் அவன் பெயர் இருக்கிறது, நாளுக்கு இவ்வளவு என்று. பத்துப் பக்கம் முன்னால் அவன் அப்பா பெயரில் முன்பணம், ஒரு லட்சத்துச் சொச்சம் என்று வையுங்கள், தேதி வாரியாக. அவன் அக்கா கல்யாணம், அவன் கை முறிந்த ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம் ஒரு வரியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவன் கை ஏன் கொஞ்சம் வளைந்திருக்கிறது என்று கேட்காமலேயே அவளுக்குத் தெரியும். அவள் கேட்காததை அவன் கவனிக்கிறான். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடலில் எறிகிறாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தத் தொகை முதலாளி தலையிலும் டிரைவர் தலையிலும் பையனின் அம்மா தலையிலும் நோட்டைவிடக் கெட்டியாக எழுதப்பட்டிருக்கிறது. மே 8இல் தேர்வு முடிவு வரும்போது அவன் மதிப்பெண் அவளைவிட அதிகமாக இருக்கட்டும். அவளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி பேசுகிறார்கள். அவன் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா ஜூன் முதல் வாரத்தில் போய் நிற்கிற வாசல் அவள் வீட்டு வாசல். புது வரியை எழுத வேண்டியவள் அவள்.

அந்த வரியை அவள் எழுதுகிறாளா, எப்படி எழுதுகிறாள் என்பது உங்கள் பொறுப்பு. முதலாளி மறுத்தால் கதை எளிதாகிவிடும். அவர் தாராளமாகக் கொடுக்கட்டும், "நம்ம புள்ள படிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே. கொடுத்த பிறகு பையன் அவள் முகத்தைப் பார்த்து "இரு" என்று சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

கடைசிக் காட்சிக்கு ஜூன் 14 இரவுத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலத்திலிருந்தே ஐஸ் கம்பெனி வண்டிகள் வரிசையில் நிற்கும், ஐஸ் அரைக்கும் சத்தம் விடாது. டீசல் நிரப்புவார்கள், குடிதண்ணீர் ஏற்றுவார்கள், அரிசி, காய்கறி, எரிவாயு உருளை ஏறும். படகின் முன்முனையான அணியத்தில் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டுவார்கள். பெண்கள் படகுத்துறை வரை வருவார்கள், ஏற மாட்டார்கள். 2025 என்றால் பௌர்ணமி கழிந்து மூன்று நாள், ஒன்பது மணி வாக்கில் குறைந்த நிலா கடலிலிருந்து எழும், நள்ளிரவில் துறைமுகம் வெளிச்சமாக இருக்கும். 2024 என்றால் அரை நிலா, நள்ளிரவை ஒட்டி மேற்கே இறங்கிவிடும், படகு விளக்குகள் மட்டும் மிஞ்சும். இரண்டில் எது வேண்டும் என்று பார்த்து வருடத்தைத் திருத்திக்கொள்ளலாம். எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது பேச்சு கேட்காது, அதனால் அந்தக் காட்சியில் வசனம் வைக்காதீர்கள். அவன் அப்பா படகில் ஏறுகிறார். ஏணி எடுத்தாயிற்று. பையன் கரையில் நிற்கிறானா, படகில் நிற்கிறானா என்று முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எழுதி வாருங்கள்.